உப்பு ஏறினால் ரேடியம் இறங்கும்

(மட்டாஞ்சேரியில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொச்சியில் பெரியாற்றைப் பற்றி யார் பேச வந்தாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "ஏலூரில் கதிரியக்கம் இருக்கிறதா சார்?" இருக்கிறது என்றால் முகம் வாடிவிடும். இந்த மண்டபத்துச் செங்கல்லிலும் இருக்கிறது, உங்கள் உடம்பிலும் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னால், ஆள் மழுப்புகிறார் என்று நினைப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் பொட்டாசியம்-40 அணுக்கள் மட்டுமே நொடிக்கு 4,000க்கு மேல் சிதைகின்றன. ஆகவே 'இருக்கிறதா' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலையும் நடக்காது. எந்தத் தனிமம், எந்த வடிவில், எதோடு ஒட்டிக்கொண்டு, எங்கே போகிறது? சுற்றுச்சூழல் புவிவேதியியல் படிப்பவர்கள் கேட்பது இதைத்தான். அளவு ஒன்றாகவே இருந்தாலும் இருப்பு வேறானால் ஆபத்தும் வேறு. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

தோரியம் கொச்சிக்கு வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நம் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் மேண்டில் வலை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பழைய மேண்டில்கள் வெள்ளையாக எரிந்ததற்குத் தோரியம் ஆக்சைடுதான் காரணம். ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1891இல் வகுத்த கலவை அது. ஐரோப்பாவுக்குத் தோரியம் தேவைப்பட்ட அந்த நாட்களில், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், 1909இல் குமரிக் கரையின் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அந்த மணலில் இருந்தது மோனசைட். அதன் பிறகு முதல் உலகப் போர், ஆங்கிலேயக் கம்பெனிகள், திவான் சர் சி.பி.யின் பேரம் என்று கதை நீளும். நாம் விட்டுவிடுவோம். 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவாயிற்று; 1952இல் ஆலுவாவுக்குப் பக்கத்தில், பெரியாற்றின் கரையிலுள்ள ஏலூரில், மோனசைட்டை உடைத்துப் பிரிக்கும் ஆலை ஓடத் தொடங்கியது.

'உடைத்து' என்று சொன்னேன். அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இந்திய மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம். ஒரு கிலோ மோனசைட்டில் தோரியம்-232 மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் பெக்கரல், அதாவது நொடிக்கு அத்தனை சிதைவு. சாதாரண மண்ணில் உலகச் சராசரி 30 முதல் 45 பெக்கரல்தான். எண்களைப் பார்த்தால் கதி கலங்கும். ஆனால் மோனசைட் என்பது கெட்டியான பாஸ்பேட் படிகம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறை சிதைந்து, ஆற்றில் உருண்டு, கடலில் அலைந்து, பல லட்சம் வருட மழைக்கும் உப்புக்கும் கரையாமல் தப்பிய மணி அது. தோரியத்தை அப்படி இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. கொல்லம் பக்கத்தில் இந்த மணல் கிடக்கும் சவறை, நீண்டகரைக் கடற்கரையில் நிற்பவருக்குக் காமாக் கதிர் படும். ஆனால் அந்தத் தோரியம் கிணற்று நீருக்குள் சுலபமாக இறங்காது.

ஆலை அந்தப் படிகத்தை எரிசோடாவில் வேகவைத்துத் திறந்தது. பாஸ்பேட் தனியே போனது, அருமண் உலோகங்கள் குளோரைடாகக் கரைந்தன, தோரியம் ஹைட்ராக்சைடாகத் தங்கிவிட்டது. தோரியத்தின் மகவான ரேடியம்-228க்கு அரைவாழ்வு 5.75 வருடம். அருமண் கரைசலில் கலந்துவிடும் அதைப் பேரியம் சல்பேட்டோடு சேர்த்து வீழ்படிவாக்கி அப்புறப்படுத்தினார்கள். ரேடியம் பேரியத்தின் குணத்தையே கொண்டது. அது போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். அந்தக் கசடு கான்கிரீட் தொட்டிகளில் சேமிக்கப்பட்டது. மணலைத் திறந்துவிட்ட பிறகு தாய் ஒரு தொட்டியில், மகள் வேறொரு தொட்டியில். கொஞ்சம் கழிவு நீரில்.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைப் பற்றி இப்போது அங்கே கொதிப்பு இருக்கிறது. என்னிடமும் கேட்கிறார்கள். மணலை அள்ளிக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் பிரிப்பது ஒரு வேலை. காரத்தில் வேகவைப்பது வேறு வேலை. முதலாவதில் பார்க்க வேண்டியது தூசி, நிலத்தடி நீர் மட்டம், கரை அரிப்பு, மீனவர் வாழ்வு. இரண்டாவதில்தான் கழிவுநீர் வேதியியல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எதிர்ப்பவர்களுடைய நியாயமே பலவீனப்படும்.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் போகலாம். கொச்சியில் 1971 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கடல் அறிவியல் துறைகள் எர்ணாகுளத்தில் காயலைப் பார்த்தபடியே அமைந்திருக்கின்றன. அங்கும், நாட்டின் பிற ஆய்வுக்கூடங்களிலும் இந்த வகை வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

பெரியாற்றில் வரப்புழைப் பக்கம் படகை நிறுத்தி, கயிற்றில் கட்டிய இரும்புக் கவ்வியை இறக்கினால் கையளவு கறுத்த சேறு வரும். அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்பைடு. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்பதற்கு அந்த நாற்றமே போதும். சிப்பி ஓட்டையும் இலைச் சருகையும் பொறுக்கிவிட்டு, 110 டிகிரி அடுப்பில் உலர்த்தி, இடித்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து மூடி, ஒரு மாதம் சும்மா வைத்துவிட வேண்டும். இந்த ஒரு மாதம் புதிய மாணவர்களுக்குப் பொறுக்காது. காரணம் ரேடான். ரேடியம்-226 சிதைந்து வரும் அந்த வாயுவுக்கு அரைவாழ்வு 3.82 நாள். டப்பாவைத் திறந்து மூடினால் அது ஓடிவிடும். மீண்டும் சேர்ந்து சமநிலைக்கு வர ஏழு அரைவாழ்வு, சுமார் 27 நாள் பிடிக்கும். அவசரப்பட்டவருடைய எண் எப்போதும் குறைவாகவே வரும்.

பிறகு டப்பா ஈயச் சுவருக்குள் போகிறது. உள்ளே ஜெர்மானியம் படிகம், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் குளிர்ந்தபடி. நைட்ரஜன் சிலிண்டர் வண்டி வரத் தாமதமானால் ஆய்வுக்கூடமே பதறும். ஈயத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. புதிதாக உருக்கிய ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் கலந்திருக்கும், அதுவே பின்னணி இரைச்சலாகிவிடும். அதனால் உலகின் சில நுட்ப ஆய்வுக்கூடங்கள் கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பல்களின் ஈயக் கட்டிகளைத் தேடி வாங்கியிருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்தில் அந்தக் கதிரியக்கம் அடங்கிப்போயிருக்கும் அல்லவா!

ஒரு மாதிரியை 50,000 நொடி, 60,000 நொடி என்று எண்ணவிட்டால் திரையில் சிகரங்கள் எழும். 1460 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் பொட்டாசியம், 609இல் பிஸ்மத்-214, 911இல் ஆக்டினியம்-228. அதே அளவு நேரம் காலி டப்பாவையும் எண்ணிக் கழிக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். தோரியத்தின் சொந்தக் காமாக் கதிர், இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஆகவே அதன் பேரனான ஆக்டினியத்தை எண்ணி, இதே அளவு தோரியம் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். மலை மண்ணில் அது சரி. தாயும் மகளும் பேரனும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கழிமுகத்தில் அது செல்லாது. அங்கே குடும்பம் பிரிந்துவிட்டது. ஆக்டினியம் சொல்வது ரேடியம்-228 எவ்வளவு என்பதைத்தான். தோரியத்தை அறிய அதே சேற்றை அமிலத்தில் கரைத்து, பிசின் குழாய் வழியாக வடித்து, எஃகுத் தகட்டில் படியவைத்து, ஆல்பாத் துகளை எண்ண வேண்டும். ஒரு வாரக் கைவேலை. ஏலூர்ச் சேற்றில் இத்தனை தோரியம் என்று காமா எண்ணை மட்டும் வைத்து யாராவது சொன்னால், எப்படி அளந்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

குடும்பம் ஏன் பிரிகிறது? தோரியம் நீரில் கரைய விரும்பாது. எந்தத் துகள் கிடைக்கிறதோ அதில் ஒட்டிக்கொண்டு சேற்றோடு படிந்துவிடும். ரேடியம் அப்படியல்ல. நல்ல தண்ணீரில் அது களிமண்ணின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஆனால் கடல்நீர் ஏறும் இடத்தில் சோடியமும் மக்னீசியமும் கால்சியமும் திரளாக வந்து களிமண்ணின் மேல் இடம் பிடித்துக்கொள்கின்றன. ரேடியம் இடம் இழந்து நீரில் இறங்குகிறது. உலகத்தின் எல்லா ஆற்று முகங்களிலும் இது நடக்கிறது. நம் பெரியாற்றில் இடவப்பாதி மழை கொட்டும்போது கொச்சி அழிமுகம் வரைக்கும் நல்ல தண்ணீர் தள்ளும். மாசி, பங்குனியில் நீர் வற்றி உப்பு மேலே ஏறும். அதைத் தடுக்கத்தான் பாதாளம் என்ற இடத்தில் ரெகுலேட்டர் கட்டியிருக்கிறார்கள். ஷட்டர் மூடியிருக்கும்போது மேலே தேங்கும் நீர் ஒரு வேதியியல், கீழே உப்பு நீர் இன்னொரு வேதியியல். ஷட்டரைத் திறந்த நாளில் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் மீன் வளர்ப்பவர்கள் கண்ணால் பார்த்தார்கள். கூண்டு கூண்டாக மீன் செத்து மிதந்தது. அதற்குக் கதிரியக்கம் காரணமல்ல. மீன்வளப் பல்கலைக்கழகத்தார் ஹைட்ரஜன் சல்பைடையும் அம்மோனியாவையும் கண்டார்கள். ஆனால் பாடம் ரேடியத்துக்கும் பொருந்தும்: மழையில் எடுத்த மாதிரியையும் கோடையில் எடுத்த மாதிரியையும் சராசரி போட்டு அறிக்கை எழுதினால், நடந்ததெல்லாம் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும்.

ஒட்டியிருப்பது எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்று பார்க்க ஒரு முறை உண்டு. 1979இல் கனடாவில் டெசியரும் அவருடைய சகாக்களும் வகுத்தது. ஒரே சேற்றை அடுத்தடுத்து ஐந்து கரைசல்களில் கழுவுவது. முதலில் வெறும் உப்புக் கரைசல், கடைசியில் படிகத்தையே கரைக்கும் அமிலம். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகக் கல்லில் துவைக்கும் நம் தமிழ் வண்ணார் குடும்பத்துப் பெரியவர் எவரையும் கேளுங்கள். எந்தக் கறை தண்ணீருக்கே போகும், எது சோப்புக்கு, எது காரத்துக்கு, எது துணி கிழிந்தாலும் போகாது என்று பார்த்தவுடன் பிரித்துச் சொல்வார். சவறை மணலில் தோரியம் கடைசிக் கழுவலுக்குத்தான் வரும். கழிவோடு வந்து படிந்தது முதல் மூன்று கழுவலிலேயே வந்துவிட்டால், மீனுக்கும் சிப்பிக்கும் அது எட்டும் என்று பொருள். காமா எண் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

தோரியம் மட்டும் அல்ல. வில்லிங்டன் தீவில் இறங்கும் பாறைப் பாஸ்பேட்டில் யுரேனியமும் அதன் சந்ததியும் உண்டு. கந்தக அமிலத்தில் அதைக் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது யுரேனியத்தில் பெரும்பங்கு அமிலத்தோடு உரத்துக்குப் போகிறது. ரேடியம்-226இல் பெரும்பங்கு ஜிப்சத்தோடு தங்குகிறது. அம்பலமேட்டில் மலையாகக் குவிந்திருக்கும் அந்த வெள்ளை ஜிப்சத்திலிருந்து வீட்டுச் சுவர்ப் பலகை செய்திருக்கிறார்கள், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் அந்தப் பலகையால் மாதிரி வீடே கட்டிக் காட்டினார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதற்குக் கிராமுக்கு 1 பெக்கரல் ரேடியம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மணலை ஆற்றிலிருந்து அள்ளாமல் கழிவை வைத்து வீடு கட்டுவது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் பாறைப் பாஸ்பேட் எந்த நாட்டிலிருந்து வருகிறதோ அதைப் பொறுத்து ரேடியம் மாறும். ஒவ்வொரு சரக்குக்கும் அளவு எடுத்து அதை வீடு வாங்குபவர் பார்க்கும்படி வைத்தால் பேச்சே இருக்காது.

இப்போது என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொச்சிக் கழிமுகத்தின் வட பகுதியில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது கதிரியக்கம் அல்ல, காட்மியம். கீகர் கருவியில் அது டிக் டிக் என்று சத்தம் போடாது, அதனால் செய்தியில் வராது. எடயாரில் 1967 முதல் ஓடிப் பின்னர் மூடப்பட்ட துத்தநாக ஆலையும், ஏலூரின் மற்ற ஆலைகளும் அமைந்த பக்கத்துச் சேற்றில் துத்தநாகமும் காட்மியமும் இயல்புக்கு மீறிச் சேர்ந்திருப்பதைக் கொச்சி ஆய்வாளர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள். துத்தநாகத் தாது இருக்கும் இடத்தில் காட்மியமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ரேடியத்தைப் போலவே இதுவும் உப்பு ஏறினால் இறங்கும். குளோரைடோடு கூட்டுச் சேர்ந்து நீரில் கலக்கும். ரேடியம்-228 ஆறு வருடத்துக்குள் பாதியாகும். காட்மியத்துக்கு நடைமுறையில் சிதைவு என்பதே கிடையாது. மனிதச் சிறுநீரகத்தில் புகுந்தால் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியைத் தின்ற பெண்களின் எலும்பு முறிந்ததே, இத்தாய்-இத்தாய் நோய், அதற்குக் காமியோகா சுரங்கத்தின் காட்மியம்தான் காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஒப்புக்கொண்டது. அந்தச் சுரங்கத்தின் அடியில்தான் இன்று நியூட்ரினோவைப் பிடிக்கும் சூப்பர் காமியோகாண்டே இருக்கிறது. அதே மலையைப் பற்றி இயற்பியலாளர்கள் ஒரு கதை சொல்வார்கள், கீழே உள்ள கிராமத்தார் வேறொரு கதை சொல்வார்கள்.

இந்தக் காட்மியம் எப்போது வந்தது என்று அறியக் கதிரியக்கமே நமக்கு உதவிக்கு வருகிறது. நிலத்திலிருந்து மேலெழும் ரேடான் காற்றில் சிதைந்து ஈயம்-210 ஆகி, மழையோடு இறங்கிச் சேற்றில் படிகிறது. 22.3 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். சேற்றில் நீளமான குழாயைச் செருகி எடுத்து, அதை மெல்லிய துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றிலும் இந்த ஈயத்தை அளந்தால் எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று சொல்லலாம். சுமார் நூறு, நூற்றைம்பது வருடம் வரைக்கும். பனிப்பாறையில் இதைக் கோல்ட்பெர்க் 1963இல் காட்டினார். ஏரிச் சேற்றுக்கு 1971இல் கொண்டு வந்தவர்களில் நம் நாட்டுக் கிருஷ்ணசாமியும் தேவேந்திர லாலும் உண்டு. ஏலூரில் உரத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது 1947இல். ஆகவே அந்தத் தொழில் வட்டாரத்தின் முழு வரலாறும் இந்த ஈயம் எட்டும் தூரத்துக்குள் அடங்கும். எந்த அடுக்கிலிருந்து காட்மியம் கூடியது, எந்த அடுக்கில் குறைந்தது என்று தேதியோடு எழுதலாம். ஆலைகள் ஒன்றையொன்று கைகாட்டும்போது அந்தத் தேதிதான் பேசும்.

கொச்சியில் ஒரு தொல்லை. 1920இல் துறைமுகப் பொறியாளர் பிரிஸ்டோ வந்ததிலிருந்து இந்த அடிமண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கிறோம்; வில்லிங்டன் தீவே தோண்டிய சேற்றால் ஆனது. மட்டாஞ்சேரிக் கால்வாயில் குழாய் செருகினால் அடுக்கெல்லாம் கலங்கியிருக்கும், நண்டும் புழுவும் வேறு துளைத்திருக்கும். கப்பல் போகாத ஓரங்களில், கண்டல் நிழலில்தான் நல்ல அடுக்கு கிடைக்கும். தோண்டிய சேற்றைக் கொட்டும் இடத்தில் பழைய காட்மியமும் சேர்ந்தே கொட்டப்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, கதிரியக்கம் உடல்நலத்தை என்ன செய்கிறது என்ற கேள்வி. 'சவறையில் இத்தனை கதிர்வீச்சு இருந்தும் ஒன்றும் ஆகவில்லையே' என்று ஒரு தரப்பும், 'அங்கே எல்லாருக்கும் புற்றுநோய்' என்று ஒரு தரப்பும் பேசுகிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் சவறை அடங்கிய கருநாகப்பள்ளி வட்டத்தில் 69,958 பேரைச் சராசரி பத்தரை வருடம் தொடர்ந்து பார்த்தது. 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. நிலத்துக் காமாக் கதிர் கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று 2009இல் வெளியிட்டது. அதே கரையில் 2002இல் ஜெர்மன், பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தாய்வழி மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் புள்ளி மாற்றங்கள் கூடியிருப்பதைக் கண்டார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். மரபணு மாற்றம் எல்லாம் நோயாவதில்லை. இரண்டுமே படிகத்துக்குள் அடைபட்ட தோரியத்தின் வெளிக்கதிரைப் பற்றியவை. ஏலூர்ச் சேற்றுக்கு அதிலிருந்து நற்சான்றிதழ் எழுதிக்கொள்ளவும் முடியாது, குற்றப்பத்திரிகை எழுதவும் முடியாது.

அளப்பது யார் என்பதும் முக்கியம். இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆலைக்குள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உடல்நல இயற்பியல் பிரிவு அளக்கிறது. அவர்கள் தேர்ந்தவர்கள், அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளை நான் மதிப்போடு படிக்கிறேன். ஆனாலும் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் நிழலில் எல்லா எண்ணும் வெளியே வந்ததில்லை. வெளியிலிருந்து அளக்கும் பல்கலைக்கழகம் இருந்தால்தான் உள்ளே அளப்பவருடைய எண்ணுக்கும் மரியாதை. திருச்சி ஜமால் முகமது கல்லூரியின் சின்ன ஆய்வுக்கூடம் 1990களில் காவிரி முழுக்கப் பொலோனியத்தையும் ரேடியத்தையும் அளந்ததே, அதற்குக் கல்பாக்கம் அணு மையத்தில் அனுபவப்பட்ட விஞ்ஞானி ஐயங்கார் கைகொடுத்தார். பெரியாற்றுக்கும் அப்படி ஒரு கூட்டு அமைந்தால் நல்லது.

காவிரி மட்டியில் அவர்கள் கண்டது நமக்கு உபயோகம். பொலோனியம்-210 மட்டியின் சதையில் சேரும், முக்கியமாகக் குடலில். ரேடியம் கால்சியத்தின் இனம், அது ஓட்டுக்குப் போகும். ஓட்டை எறிந்துவிடுகிறோம். கடலுணவு உண்பவர் எவருக்கும் அந்த உணவு வழியே வரும் இயற்கைக் கதிர்வீச்சில் பெரும்பங்கு இந்தப் பொலோனியத்தால்தான். ஏலூர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே பிடித்து, "சார், கக்கா இறைச்சி வாங்கலாமா?" என்று கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பொலோனியத்துக்குப் பயந்து நான் கக்காவை, அதாவது காயல் மட்டியை, விடவில்லை. முஹம்மை, வைக்கம் பக்கத்துக் கக்கா என்று நம்பும்படி சொன்னால் வாங்குவேன், குடலை எடுத்துவிட்டுச் சமைப்பேன். வரப்புழைக்கு மேலே, ஏலூர் ஓரத்தில் வாரியது என்றால், அதிலும் கோடையில் உப்பு ஏறிய மாதத்தில் வாரியது என்றால், காட்மியம் அளந்த தாள் ஒன்றை என் கையில் கொடுக்கும் வரைக்கும் வாங்க மாட்டேன்.